“இஞ்சால வா” என்று அழைத்த குரல்

நான் பேசப்போகும் நீளத்தை முன்கூட்டியே உணர்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் ரங்கராஜன் அவர்களே. பனியென்றும் பாராமல், பஸ் வரவில்லை என்றும் பாராமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே. காலை ஷிப்ட் முடித்து, சீருடை களைந்து, சேலை உடுத்தி ஓடோடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே. இந்த மனிதர் எப்போது முடிப்பார் என்று கதவோரம் நின்று போனில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருக்கும் இளையோரே. உங்கள் எல்லோருக்கும் இலண்டனின் மறுகோடியில் எட்மண்டனில் இருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி நான் சுமந்து வந்த வணக்கம்.

செபஸ்தியாம்பிள்ளை என்பது என் பெயர். கவுன்சில் அலுவலகத்தில் மிஸ்டர் பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். ‘இஸ்ரேல்–பாலஸ்தீனப் போரில் இணையம்’ என்று கிங்ஸ்பரி வாசகர் வட்டம் எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறது. தந்தவர் உங்கள் செயலாளர் மாதவன். விம்பிள்டன்வாசி, கணினித் துறைக்காரர், கோயம்புத்தூர்ப் பிள்ளை. அதோ ஒலிவாங்கிக் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு என்ன தகுதி? அந்த மண்ணை நான் மிதித்ததில்லை. அரபு அறியேன், எபிரேயம் அறியேன். அந்த ஊர்ப்பெயர்கள் சிலவற்றைச் சின்ன வயதில் ஞாயிறு பூசையில் கேட்டிருக்கிறேன், அவ்வளவே. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கேள்வி கேட்பது. ஏன், எப்படி, யார், எங்கே என்று எதையும் குடைந்துகொண்டே இருப்பேன். மூன்றாம் வரிசையில் நீலச் சேலையில் இருக்கும் என் துணைவி மரியமலர் அதை ஒரு வியாதி என்கிறா. தலையாட்டுகிறா, பாருங்கள்.

அன்பர்களே, அந்தப் போர் எங்கே நடக்கிறது? காசாவில் நடக்கிறது, இஸ்ரேலில் நடக்கிறது. அங்கே மட்டுமா நடக்கிறது? குண்டு அங்கே விழுகிறது, குமுறல் இங்கே எழுகிறது. வீடு அங்கே உடைகிறது, விருந்து மேசையில் நட்பு இங்கே உடைகிறது. விமானம் போகாத இடத்துக்கும் விரல் போகிறது. அந்தப் பக்கத்துச் சாவும் மெய். இந்தப் பக்கத்துச் சாவும் மெய். இரண்டு பக்கத்திலும் பெற்றவள் அழும் அழுகை மெய். மெய்யான துயரம் மலையாய்க் குவிந்து கிடக்கும்போது, பொய்யான படம் ஒருவனுக்கு எதற்குத் தேவைப்படுகிறது? இதுதான் என்னைப் பல மாதமாய்க் குடைகிற கேள்வி.

இதற்கு விடை சொல்ல வரவில்லை. ஒரு கதை சொல்ல வந்தேன். எங்கள் வீட்டில் நடந்தது. மரியமலரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வாங்காமல் பேசினால் இரவுச் சோறு எனக்குக் கிடையாது.

எட்மண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியமலர் வேலை. அவவோடு அதே ஷிப்டில் வேலை செய்பவள் ஹனான். பாலஸ்தீனப் பெண். தாய் ஜோர்தானில், ஒரே தங்கை ரீம், கணவன் பிள்ளைகளோடு காசாவில், தேர் அல் பலா என்ற ஊரில். அந்த இல்லத்தில் எங்கள் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார். மறதி வருத்தம் அவருடைய ஆங்கிலம் முழுவதையும் கொண்டுபோய்விட்டது; தமிழ் மட்டும் மிச்சம். மரியமலர் இல்லாத நேரத்தில் அவரைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துவர ஹனான் இரண்டு தமிழ் வசனம் பழகினாள். ஒன்று, “சாப்பிட்டாச்சோ.” மற்றது, “இஞ்சால வாங்கோ.” அரபுத் தொண்டையில் அந்த ‘ஞ்சா’ உருண்டு வருவதைக் கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள், தமிழ்நாட்டு நண்பர்களே. இஞ்சால என்றால் இந்தப் பக்கம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவருக்குத் தெரியவில்லை. அவரிடம் பிறகு வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்தியின் அடியில் ஒரு சின்னச் சரி விழும், கொப்பியில் ஆசிரியர் போடுவதுபோல. ஒரு சரி என்றால் செய்தி உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. இரண்டு சரி என்றால் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காசாவில் மின்சாரம் போனால், இணையம் போனால், இரண்டாவது சரி விழாது. அந்த வாரம் முழுவதும் ஹனான் தங்கைக்கு அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒரு சரி, ஒரு சரி, ஒரு சரி. படுக்கை விரிப்பை மாற்றுவாள், போனைப் பார்ப்பாள். தேநீர் ஊற்றுவாள், போனைப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்னவென்று இந்த மண்டபத்தில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வன்னியில் இருந்து ஒரு அழைப்பு வராதா என்று வீட்டுப் போனின் பக்கத்தில் நாங்கள் படுத்துக் கிடந்தவர்கள்.

அந்த நேரத்தில்தான் கோயில் பெண்களின் குறூப்பில் ஒரு வீடியோ வந்தது. புழுதி. ஓடும் சனம். இரும்புக் கதவு ஒன்று சரிந்து கிடக்கிறது. மேலே சோகமாய் ஒரு வயலின். கீழே ஆங்கிலத்தில் எழுத்து: தேர் அல் பலா, இன்று காலை, ஒழுங்கை, அந்தத் தெரு, முழுவதும் அழிந்தது. அனுப்பியவர் யார், எடுத்தவர் யார், ஒருவருக்கும் தெரியாது. கீழே கும்பிட்ட கைகள் வரிசையாய் விழுந்தன. எங்கள் மரியமலர் ஊர்ப்பெயரைப் பார்த்தா. ஹனானுக்குத் தள்ளிவிட்டா. அன்பினால் அனுப்பினா, சபையோரே. ‘இது உன் தங்கை இருக்கும் இடமா?’ என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினா.

சற்று நேரத்தில் எனக்கு அழைப்பு.

“இஞ்சருங்கோ, நான் பெரிய பிழை விட்டுட்டன். அந்த வீடியோவை ஹனானுக்கு அனுப்பிப்போட்டன். அந்த இரும்புக் கேற் அவவின்ர தங்கச்சி வீட்டுக் கேற்றாம். தங்கச்சி செத்துப்போனா எண்டு சொல்லி நிலத்தில இருக்கிறா.”

“பொறும். நல்லாப் பாத்தவவோ?”

“பாத்திட்டுத்தான் சொல்லுறா. தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லப் போறன் எண்டு நிக்கிறா. தாய் இருதய வருத்தக்காரி. நான் போனைப் பறிச்சு வைச்சிருக்கிறன். எவ்வளவு நேரம் வைச்சிருக்க ஏலும்?”

தங்கை உயிரோடு இருக்கிறாளா? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல உலகத்தில் இருக்கும் ஒரே ஆள் அந்தத் தங்கை. அவள் பக்கம் ஒரு சரி. சமையலறையில் நடந்தேன், திரும்ப நடந்தேன். அப்போது மறுபடியும் போன் அடித்தது. உங்கள் மாதவன்.

“அண்ணே, தொந்தரவுக்கு மன்னிக்கணும். ‘இஞ்சால’ன்னா என்னண்ணே?”

கோபம் வந்தது, ஒளிக்க மாட்டேன். “தம்பி, இப்ப அதுக்கு நேரமில்லை. இந்தப் பக்கம் எண்டு அர்த்தம். ‘இஞ்சால வா’ எண்டால் இந்தப் பக்கம் வா.”

“சரிண்ணே. அப்ப ‘அங்கால’ன்னா அந்தப் பக்கம். புரிஞ்சது. ஆனா இஸ்ரேல்ல ஒரு அம்மா எதுக்குண்ணே இப்படிப் பேசுறாங்க?”

என்ன சொன்னீர் என்றேன். விளக்கினார். அவருடைய அலுவலகத்தில் இஸ்ரேலிய நண்பர் ஒருவர். அவருடைய தமக்கை குடும்பம் தெற்கு இஸ்ரேலில் ஓர் ஊரில். அந்த ஊர் தாக்கப்பட்டது என்று எபிரேய எழுத்தோடு அவருக்கு ஒரு வீடியோ வந்திருக்கிறது. தமக்கையோடு தொடர்பு கிடைக்கும்வரை அந்த மனிதர் வெளிறிப் போய் இருந்திருக்கிறார். இது எந்த ஊர் என்று பார்த்துச் சொல் என்று மாதவனிடம் கொடுத்திருக்கிறார். மாதவன் காதுக்கருவி மாட்டி, வயலினைக் குறைத்து, அடியில் கிடக்கும் ஒலியைப் பிரித்துக் கேட்டிருக்கிறார். அனுப்பும் என்றேன். அனுப்பினார். திறந்தேன்.

அதே புழுதி. அதே சனம். அதே இரும்புக் கதவு.

அவையோரே, ஒரே வீடியோ. அங்கே அரபுத் தங்கைக்காக ஒருத்தி நிலத்தில் இருக்கிறாள். இங்கே யூதத் தமக்கைக்காக ஒருவர் வெளிறிப் போகிறார். எழுத்து வேறு, எதிரி வேறு, அச்சம் ஒன்று. ஒலியைக் கூட்டினேன். வயலினுக்கு அடியில், வெடியோசைக்கு அடியில், ஒரு பெண் குரல். எங்கள் குரல். மன்னார்க் கரைப் பக்கத்துப் பேச்சு.

“ஜெஸ்ரின், இஞ்சால வா. அங்கால போகாத. ஜெஸ்ரின், இஞ்சால வா.”

அதோடு வீடியோ முடிகிறது.

படம் பொய்யா? இல்லை. பட்ட பாடு பொய்யா? இல்லவே இல்லை. பெயர் மட்டும் பொய். எங்கள் போரில், மன்னார்ச் சனமும் இடம்பெயர்ந்து கிடந்த வன்னியில், என்றோ எவரோ எடுத்த படத்தின் மேல் ஒருவன் வயலினை ஊற்றி, ஒருவன் அரபு ஊரின் பெயரை ஒட்டி, இன்னொருவன் இஸ்ரேலிய ஊரின் பெயரை ஒட்டி உலகம் சுற்ற விட்டிருக்கிறார்கள். கண்ணால் கண்டவர் கணக்கற்றவர். காதால் கேட்டவர் யார்? கேட்டிருந்தாலும் தமிழ் என்று அறிந்தவர் யார்? குறூப்பில் இருந்த எங்கள் பெண்களே வயலினைத்தான் கேட்டார்கள். தமிழ்நாட்டுத் தம்பி ஒருவருக்கு ஒரு சொல் விளங்காமல் போனதால்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

என்ன தலைவரே, கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள்? தெரிகிறது. இங்கே நிறுத்தினால் இவர்கள் என்னை வெளியே விட மாட்டார்கள்.

மரியமலரை அழைத்தேன். “அது காசா இல்லை. எங்கட சனம். ஹனானிட்டச் சொல்லும்.” சொல்லியிருக்கிறா. ஹனான் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்று ஆங்கிலத்தில் அழுதிருக்கிறாள். பொய்யை உடனே நம்ப வைத்த அந்தப் போன், மெய்யை நம்ப வைக்க மறுத்தது.

அப்போது என் மனைவி செய்ததைக் கேளுங்கள். வாதாடவில்லை. போனை ஹனானின் காதோடு வைத்து, கண்ணை மூடு என்றா. படத்தைப் பார்க்காதே, கேள் என்றா. ஒரு முறை கேட்டாள். மறு முறை கேட்டாள். மூன்றாம் முறை அவளுடைய உதடு அசைந்தது. சாப்பாட்டு மேசைக்கு அந்த அம்மாவைக் கூப்பிடும் அதே அரபுத் தமிழில், “இஞ்சால” என்றாள். கண்ணைத் திறந்து மரியமலரைப் பார்த்து, “இது உன் மொழி” என்றாள்.

“ஓம்” என்றா மரியமலர். “இது உன்ர ஒழுங்கை இல்லை. எங்கட ஒழுங்கை.”

ஹனான் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். அவள் மூச்சு விட்ட அந்த இடத்தில் மரியமலருக்கு மூச்சு முட்டியது. அதுவரை பதற்றத்தில் இருந்தவ, அந்தத் தாயின் குரலை அப்போதுதான் முழுதாகக் கேட்டா. இப்போது அவ நிலத்தில் இருந்தா. ஹனான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினாள். அந்தப் பெண்களில் எவளுக்கு எவள் ஆறுதல் சொன்னாள் என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சில நாளில் இரண்டாவது சரி விழுந்தது. ரீம் உயிரோடு இருந்தாள். பிள்ளைகளும் இருந்தார்கள். இரும்புக் கதவும் இருந்ததாம். ஹனான் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்: வீடியோவை, வயலினை, தமிழ்க் குரலை, அது கூப்பிட்ட பெயரை.

அன்புடையீர், அந்த வீடியோவைக் கோயில் குறூப் பார்த்தது. கும்பிட்ட கை போட்டது. அலுவலகங்கள் பார்த்தன, ஆளுக்கொரு பக்கம் சினந்தன. நான் பார்த்தேன், எடுத்தவன் யார், ஒட்டியவன் யார், எதற்காக என்று குடைந்தேன். இத்தனை பேரில் ஒருவர் கேட்காத கேள்வியை, தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ரீம் கேட்டு அனுப்பினாள்.

“அந்தத் தாய் கூப்பிட்டாளே, அந்தப் பிள்ளை வந்ததா?”

இணையம் எத்தனை இலட்சம் கண்களுக்குக் காட்டியது! அந்தப் பிள்ளை இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததா என்று கேட்க ஒரு வாயைத் தரவில்லை. அதற்கு ரீம் வேண்டியிருந்தது. யாருடைய படம் என்று சண்டை பிடிக்கும் உலகத்தில், யாருடைய பிள்ளை என்று கேட்டவள் அவள். எங்கள் துயரத்துக்கு அவளுடைய ஊரின் பெயரை எவனோ ஒட்டினான். அவள் அந்தப் பெயரைக் கிழித்துவிட்டு, உள்ளே இருந்த பிள்ளையைத் தேடினாள். போர் நடுவில் இருப்பவளுக்கு எங்கிருந்து வந்தது அந்த நேரம்? எங்கிருந்து வந்தது அந்த நெஞ்சு? கேள்வி கேட்பதே தொழிலாய்க் கொண்ட நான் அந்தக் கேள்விக்கு முன்னால் தலை குனிகிறேன்.

ரீமுக்குப் பதில் அனுப்ப வேண்டும். தேடுகிறோம் என்று ஹனான் எழுதிவிட்டாள். அதற்கு விழுந்திருப்பது ஒரு சரி. போன வாரமும் ஒரு சரி. இந்த மண்டபத்துக்குள் வரும்போது பார்த்தோம், இன்னும் ஒரு சரிதான். மரியமலரின் பக்கத்தில் கறுப்பு மேலாடையோடு இருப்பவள்தான் ஹனான். இவ்வளவு நேரமும் நான் பேசியதில் பெயர்களைத் தவிர அவளுக்குத் திரும்பத் திரும்ப விளங்கியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் வந்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள், நான் கவனித்தேன்.

ஆகவே நான் உபதேசம் செய்து முடிக்கப் போவதில்லை. ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். ஜெஸ்ரின் இன்று வளர்ந்த ஆளாக இருக்க வேண்டும். ஆணோ பெண்ணோ அறியேன். இலண்டனிலோ, பாரிசிலோ, ரொறன்ரோவிலோ, மன்னாரிலேயேதானோ அறியேன். அந்தத் தாய் கூப்பிட்டபோது திரும்பி வந்திருந்தால், எங்கோ ஒரு மேசையில் இன்று மாலை தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் குரலை மேடையில் ஒலிக்க விட மாட்டேன். அது ஒரு தாயின் குரல். ஆனால் அந்தக் கரைச் சனம், அந்தப் பெயர் தெரிந்த சனம், இங்கே ஒருவராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இரண்டாவது சரி விழும் நாளில் ரீமின் கேள்விக்குக் கீழே ஒரு விடை காத்திருக்க வேண்டும்.

பொறுமையோடு கடிகாரம் பார்த்த தலைவருக்கும், ஒரு சொல் தெரியாமல் இருந்து உதவிய மாதவனுக்கும், கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம். கூட்டம் முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நிற்போம். ஜெஸ்ரினைத் தெரிந்தவர்கள், தயவுசெய்து, இஞ்சால வாங்கோ.