பொம்மையில் படித்த கை

எறணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும் படகு. எனக்கு முன் பெஞ்சில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸுகள் இரண்டு பேர், வெள்ளைச் சேலையில். இளையவள் சொன்ன ஒரு வாக்கியத்தில் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

“பொம்மை அழாது இல்லியா சேச்சி, அந்தப் பழக்கத்துல திரும்பிட்டேன்.”

“எதுக்குத் திரும்பினே?”

“கை கழுவத்தான். டிரெயினிங்ல ரப்பர் பொம்மை வாயில ஊதுவோம், கிடத்துவோம், கை கழுவப் போயிடுவோம். தினம் அதேதானே? ரெண்டு மாசம் முன்னால தோப்பும்படில ஒரு வீட்டுப் பிரசவம் பாத்தேன்ல, அந்தப் பிள்ளை மூச்சில்லாம நீலமாப் பிறந்தது. சொல்லித் தந்த மாதிரியே ஊதினேன், கிடத்தினேன், திரும்பிட்டேன். முதுகுக்குப் பின்னால அழுதது பாருங்க, நான் அலறிட்டேன்.”

“பிழைச்சுதே! முன்னெல்லாம் நீலமாப் பிறந்ததுல ஒண்ணாவது நம்ம கையில பிழைச்சிருக்கா?”

“இல்ல.”

“பின்னே என்னடி பயம்?”

படகு வில்லிங்டன் தீவைத் தாண்டியது. இளையவள் உள்ளங்கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

“நேத்து தடுப்பூசி போட அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா மடியில நல்லாச் சிரிக்குது. நான் எடுத்ததும் கை காலெல்லாம் விறைச்சுப் போய், கண்ணை மட்டும் திறந்து வச்சுக்கிட்டுக் கிடக்குது. ஊசி குத்தினேன். அழலை.”

மூத்தவள் குடையைக் கீழே வைத்தாள். “அம்மாகிட்ட குடுத்துப் பாக்க வேண்டியதுதானே?”

“அவ அடுப்படிக்குப் போயிருந்தா. பாய்ல கிடத்தினேன். அப்பவும் அழலை.”

“அப்புறம்?”

“நான் கை கழுவத் திரும்பினேன் சேச்சி. அப்பதான் அழுதது.”