தையல்காரர் மடியில் வைத்திருந்த பை

அப்பா: இதை எவம்மா தச்சான்? கையில கிடைச்சா நல்லா நாலு கேள்வி கேக்கணும்.

மகள்: அப்பா, அது அட்டைப்பூச்சி கால்ல ஏறாம இருக்க முழங்கால் வரைக்கும் மாட்டுற உறை. இந்தக் காட்டு விடுதிக்கு வர்ற எல்லாருக்கும் குடுப்பாங்க. பேசாம மாட்டுங்க.

அப்பா: ஓரத் தையலைப் பாரு, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. இது வழியா அட்டை என்ன, ஆனையே உள்ள வரும்.

மகள்: காட்டுக்கு வந்தும் கடையைத் தொறந்துட்டீங்களா? நீங்கதான் பெரிய தையல்காரராச்சே, ஒண்ணு தச்சு எடுத்துட்டு வர்றதுதானே?

அப்பா: மறந்துட்டேன்.

மகள்: அப்ப அவ்வளவு பெரிய பையில என்னதான் இருக்கு? படகுல மடியிலயே வச்சுக்கிட்டு, யாரையும் தொடவிடாம...

அப்பா: துணிமணி. பையை விடு. ஆமா, இந்த மரங்களைத் தாண்டி வெயிலே கீழ இறங்க மாட்டேங்குதே, இங்க துவைச்ச துணி எப்படிக் காயும்?

மகள்: காயாதுப்பா. ஈரத்தோடதான் போட்டுக்கணும். முதல் ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம்...

அப்பா: அப்புறம்?

மகள்: அப்புறம்... பழகிடும்னு கேள்விப்பட்டேன்.

அப்பா: ஓகோ. குளிக்கிற அறையில பச்சையா ஒரு தவளை. என்னையே முறைக்குது.

மகள்: அது ஒண்ணும் பண்ணாது. எப்பவும் வாளிக்குப் பின்னாடிதான்... இருக்கும்போல.

அப்பா: இருக்கும்போல! சரி, மூஞ்சி கழுவிட்டு வரேன். தவளை வழி விட்டா.

சமையல்காரர்: போயிட்டாரா? தங்கச்சி, சொல்லிட்டியா இல்லையா?

மகள்: ஐயோ, மெதுவாண்ணே! பலகைச் சுவரு, எல்லாம் கேக்கும்.

சமையல்காரர்: காலையில படகு கிளம்பிடும். நீ இங்கயே வேலைக்கு இருக்கப்போறேன்னு எப்பத்தான் சொல்லுவ? அவரு படகுல ஏறினப்புறம் கரையில நின்னு கத்துவியா?

மகள்: வர்ற விருந்தாளிங்களைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறது ஒரு வேலையான்னு கேப்பாரு. அது போதாதுன்னு, போன மாசம் ஆபீஸ் ட்ரெய்னிங்னு புளுகிட்டு இங்க வந்து வேலை பழகினதையும் சொல்லணும். "வேணாம், வீட்டுக்கு வா"ன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே, என்னால மீற முடியாது. அவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?

சமையல்காரர்: சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லு. வயிறு நிறைஞ்சா கோவம் வராது.

மகள்: உங்க சமையலுக்கு வரும்.

சமையல்காரர்: இந்த வாயை அவருகிட்ட காட்டேன்... வர்றாரு, வர்றாரு. ஐயா, டீ எடுத்துக்குங்க!

அப்பா: குடுங்க தம்பி. ஏன் ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கிறீங்க?

சமையல்காரர்: அடுப்புல பால் பொங்குது, வந்துடுறேன்!

அப்பா: பால் ஊத்தாத டீயைக் குடுத்துட்டுப் பால் பொங்குதாம்.

மகள்: அப்பா... ஒரு விஷயம்.

அப்பா: சொல்லு.

மகள்: இந்தக் கண்ணாடி... புதுசா?

அப்பா: இதுவா விஷயம்?

மகள்: இல்ல... நான் பக்கத்துல இல்லாட்டி, உங்களுக்கு ஊசியில நூல் கோக்க யாரு இருக்கா?

அப்பா: அதுக்குத்தான் கண்ணாடி. கொஞ்ச நாளா நானேதான் கோக்குறேன். நீதான் கவனிக்கல.

மகள்: ஏன்பா? நான்தான் வீட்டுல இருக்கேனே...

அப்பா: ட்ரெய்னிங் முடிஞ்சு வந்து ஒரு பேன்ட்டைக் குட்டையாக்கித் தரச் சொன்னியே, ஞாபகம் இருக்கா?

மகள்: ம்...

அப்பா: கால் மடிப்பைப் பிரிச்சேன். உள்ள ஒரு அட்டை, காஞ்சு கருவாடா. ஏசி ஆபீஸ்ல இது எந்த நாற்காலியில உக்காந்து வேலை பாத்துச்சுன்னு எனக்கு ஒரே யோசனை.

மகள்: அய்யய்யோ!

அப்பா: பொய்யும் சொல்லிட்டு, பேன்ட்டையும் தையல்காரன்கிட்டயே குடுத்தியே... உன்னை என்ன சொல்றது! இந்தக் காட்டுக்கு என்னைக் கூப்பிட்டதுமே மீதியும் புரிஞ்சுபோச்சு.

மகள்: கோவமாப்பா?

அப்பா: இல்லாம? எங்கிட்ட சொல்றதுக்கே பயந்துட்டியே. அட்டையைப் பாத்த அன்னிக்கு முழுக்க நான் கத்திரிக்கோலைத் தொடல, தெரியுமா?

மகள்: தப்புதாம்பா. ஆனா இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு... நீங்க வேணாம்னா வேணாம். நாளைக்கே உங்ககூடக் கிளம்பிடுறேன். சொல்லுங்கப்பா... நான் இருக்கட்டுமா, வரட்டுமா?

அப்பா: முதல்ல அந்தப் பையைப் பிரி.

மகள்: இப்ப எதுக்குப் பையை... என்னப்பா இது! பை முழுக்கக் கால் உறை! ரெட்டைத் தையல் போட்டு, இழுத்துக் கட்ட நாடா வச்சு... மறந்துட்டேன்னீங்க! இத்தனையை வச்சுக்கிட்டா அந்தக் கிழிசலை மாட்டிக்கிட்டு நின்னீங்க? இந்தாங்க, காலை நீட்டுங்க... ஏன்பா, எல்லாமே சின்னதா இருக்கு? உங்க கால் இதுல நுழையாதே...

அப்பா: அத்தனையும் உன் அளவும்மா. எனக்கு எதுக்கு? நான்தான் காலையில படகு ஏறப்போறேனே.