ஏழாம் நம்பர் பாட்டில்

அண்ணி: பயப்படாதே, எதையும் தொட மாட்டேன். கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்.

நாத்தனார்: போன தடவை கண்ணாடிக் குழாயை எல்லாம் ஸ்டாண்டோட சாய்ச்சது யாரு அண்ணி?

அண்ணி: இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக் காட்டுவே? நாலு பேர் இருக்கிற லேப்ல என் மானம் போகுது.

நாத்தனார்: நாலு பேரும் சாப்பிடப் போயிட்டாங்க. உங்க மானம் பத்திரமா இருக்கு. சொல்லுங்க, என்ன திடீர்னு?

அண்ணி: சும்மாதான்... இந்தப் பக்கம் வந்தேன். அப்புறம்... என் சினேகிதி ஒருத்தி பழ பானம் டெஸ்ட்டுக்குக் குடுத்திருந்தாளாம். ரிப்போர்ட் வாங்கிட்டு வரச் சொன்னா. இந்தா ரசீது. ஏழாம் நம்பர்.

நாத்தனார்: ஓ... சினேகிதி.

அண்ணி: ஏன் இழுக்கிறே?

நாத்தனார்: இழுக்கலையே. எந்தச் சினேகிதி?

அண்ணி: உனக்குத் தெரியாது. தையல் கிளாஸ்ல பழக்கம்.

நாத்தனார்: நீங்க எப்ப தையல் கிளாஸ்...

அண்ணி: கல்யாணத்துக்கு முன்னாடி! நீ என்ன வக்கீலா? ரிப்போர்ட்டை எடு.

நாத்தனார்: பிரிண்ட் ஆகுது. அதுவரைக்கும் இப்படி உக்காருங்க.

அண்ணி: ஏய், அது என்ன குழாய்ல... அப்படியே பட்டுப்புடவை ஊதா!

நாத்தனார்: பாத்துக்கிட்டே இருங்க. அதுல கொஞ்சமா ஆரஞ்சு ஜூஸ் விடறேன்...

அண்ணி: ஐயோ! வெளுக்குது! மஞ்சளா ஆகுதுடி!

நாத்தனார்: ஆன்டி-ஆக்ஸிடன்ட்னு பழத்துல இருக்கிற சத்து பண்ற வேலை அது. பானத்துல அது எவ்வளவு இருக்கோ, ஊதா அவ்வளவு வெளுக்கும். மிச்சம் எவ்வளவு ஊதான்னு அந்த மெஷின் ஒளியை விட்டு அளந்து சொல்லும்.

அண்ணி: இதையா தினமும் பண்றே? வீட்டுல வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே! உங்க அண்ணன் என்னமோ நீ இங்க பாட்டில் கழுவுறேன்னு...

நாத்தனார்: அதுவும் பண்றேன்.

அண்ணி: சிரிக்காதே. எனக்குப் பெருமையா இருக்கு. நிஜமா... சரி, ஏழு?

நாத்தனார்: கம்பெனி பாட்டில்களோட வரிசைல வச்சு முதல் தடவை பாத்தப்ப... கடைசி.

அண்ணி: கடைசியா?

நாத்தனார்: கடையில விக்கிற சர்க்கரைத் தண்ணிக்கும் கீழ.

அண்ணி: சரி, அவகிட்ட நிறுத்தச் சொல்லிடறேன். அவ வீட்டுக்காரரும் சாயத் தண்ணின்னுதான் கேலி பண்றாராம். ஆஸ்பத்திரி கேன்டீன்ல கேட்டிருந்தாங்க, ரிப்போர்ட் நல்லா வந்தா எடுத்துக்கறோம்னு... இனிமே எதுக்கு? பாத்திரத்தை எல்லாம் பரண்ல ஏத்திட வேண்டியதுதான்.

நாத்தனார்: யார் வீட்டுப் பரண்ல?

அண்ணி: அவ வீட்டுப் பரண்லதான்!

நாத்தனார்: முதல் தடவைன்னுதானே சொன்னேன். அதுக்குள்ள கடையைக் கட்டிட்டீங்களே. அந்தப் பானம் என்ன நிறம்?

அண்ணி: கறுப்பு திராட்சையும் மாதுளையும். கருஞ்சிவப்பா, ஊதா மாதிரியே இருக்கும்.

நாத்தனார்: அங்கதான் கோளாறு. எங்க ஊதா வெளுத்துடுச்சு. ஆனா பானத்தோட நிறம் அப்படியே நிக்குது. மெஷினுக்கு என்ன தெரியும்? ரெண்டையும் சேத்து, வெளுக்கவே இல்லைன்னு சொல்லிடுச்சு. வெறும் பானத்தைத் தனியா அளந்து, அதைக் கழிச்சிருக்கணும். பக்கத்து மேசைக்காரர் அவசரத்துல விட்டுட்டார்.

அண்ணி: பக்கத்து மேசைக்காரரா? நீ பாக்கலையா?

நாத்தனார்: எனக்கு... வேற வேலை இருந்துச்சு.

அண்ணி: சரி, அப்புறம்?

நாத்தனார்: அடர் நிறப் பாட்டில் எல்லாத்தையும் மறுபடி அளக்கச் சொன்னேன். மனுஷன் என்னை முறைச்ச முறைப்பு இருக்கே...

அண்ணி: இந்த ஒண்ணை மட்டும் பாத்தா போதாதா?

நாத்தனார்: மத்த பாட்டில் எல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?

அண்ணி: அதுவும் சரிதான். என்ன வந்துச்சு? சொல்லித் தொலையேன்!

நாத்தனார்: ரெண்டாவது.

அண்ணி: எதுல ரெண்டாவது? கீழே இருந்தா?

நாத்தனார்: மேல இருந்து! நாலாம் நம்பர் ஒரு மயிரிழை முந்திடுச்சு. அதுவும் கறுப்புதான். மறுபடி அளந்ததுல அதுக்கும் யோகம்.

அண்ணி: மத்த கம்பெனி பாட்டில் எல்லாத்துக்கும் மேலயா?

நாத்தனார்: ஆமா. எங்க மேனேஜரே யாரு செஞ்சதுன்னு கேட்டார். பழத்தைத் தோலோட அரைச்சு, கொதிக்க விடாம இளஞ்சூட்டுலயே இறக்கின பானம். சத்தெல்லாம் தோல்லதான் இருக்கு. பொறுமையான கை அண்ணி அது. எனக்கு வராது. என்ன அண்ணி, கண்ணு கலங்குது? தையல் கிளாஸ் சினேகிதிக்காகவா?

அண்ணி: போடி... தையலும் இல்ல, சினேகிதியும் இல்ல. அது என்னுது.

நாத்தனார்: தெரியும்.

அண்ணி: தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என்னைப் படுத்தினே?

நாத்தனார்: நீங்க மட்டும்? வீட்டுல ஒரே மேசையில சாப்பிட்டுக்கிட்டு, யாரோ ஒருத்தி பேருல அனுப்பினீங்களே.

அண்ணி: உன்கிட்ட நேரா குடுக்க மனசு வரல. எனக்காக இரக்கப்பட்டு நம்பரைக் கொஞ்சம் ஏத்திப் போட்டுடுவியோன்னு பயம். அப்படி வந்தா அது எனக்கு எதுக்கு?

நாத்தனார்: மூடியைத் தொறந்ததும் நம்ம அடுப்படி வாசனை வந்துச்சு... எனக்கும் அதே பயம்தான் அண்ணி. அதான் அதுக்கு மேல அந்தப் பாட்டிலைத் தொடாம பக்கத்து மேசைக்குத் தள்ளி விட்டுட்டேன்.