பாட்டிக்குக் காதல் எதற்கு என்றவர்களுக்கு

ஐம்பதாவது நாள் விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் திரையரங்க உரிமையாளர் குலாம் ரசூல் பாய் அவர்களே! காலமெல்லாம் வில்லனாக உதை வாங்கி, இந்தப் படத்தில் என் காதலராக உயர்ந்த ராஜமாணிக்கம் அண்ணன் அவர்களே!

ஏங்க சிரிக்கிறீங்க? ஜோடியெல்லாம் படத்துலதாங்க! அண்ணி இதோ முன்னாலயே உட்கார்ந்திருக்காங்க, என்னை வம்புல மாட்டி விடாதீங்க!

அடி அண்ணாமலையிலிருந்து வந்த அன்புப் பெரியோர்களே! கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டி கட்டி வந்த தாய்மார்களே! ரேணுகாம்பாளின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

திரையில் நான் அழாத அழுகை உண்டா? மகனுக்காக அழுதேன், மருமகளுக்காக அழுதேன், மாடு செத்ததற்கும் அழுதேன்! அறுபது வயதில்தான் ஒரு தபால்காரரைக் காதலித்துச் சிரிக்கும் வேடம் வந்தது. வந்ததும் சென்னை விமர்சகர்கள் என்ன எழுதினார்கள்? “பேரன் எடுக்கும் வயதில் பூச்சூடலா? இந்தப் பாட்டியை வீட்டுக்கு அனுப்புங்கள்” என்று எழுதினார்கள்! எழுதிய கைக்கு என் வயதில் ஒரு தாய் சோறு போட்டிருக்க மாட்டாளா?

அதைப் படித்துவிட்டு விநியோகஸ்தர் பயந்தார். காதல் பாட்டை வெட்டு, வியாழனோடு படப்பெட்டியைத் திருப்பி அனுப்பு என்று தந்தி அடித்தார். பெட்டி திரும்பினால் நானும் திரும்ப வேண்டியதுதான். என் வயதுக்காரிக்குச் சிரிக்கிற வேடத்தை அப்புறம் எவன் எழுதுவான்?

நம்ம பாய் என்ன சொன்னார் தெரியுமா? “வியாழன் வரைக்கும் படம் என் கொட்டகையிலதான். பாட்டு ஓடும்மா, போங்க!”

புதன்கிழமை மதியக் காட்சி. உங்கள் கொட்டகையில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவே நெஞ்சளவுச் சுவர். தபால்காரர் எனக்குப் பூ வாங்கித் தரும் பாட்டு முடிந்து இடைவேளை விட்டார்கள். கீழ்பென்னாத்தூர் ஆதிலட்சுமி அம்மாள் எழுந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கணவர் தருமன் ஐயாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

“இன்னாங்க! அந்த ஆளு எப்படிப் பூ வாங்கியாந்து குடுக்குறாரு, பார்த்தீங்களா? கண்ணாலம் ஆனதுல இருந்து ஒரு முழம் வாங்கியாந்திருப்பீங்களா?”

கொட்டகையே தருமன் ஐயாவைத் திரும்பிப் பார்த்தது. ஐயா வெளியே போனார். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு நினைச்சாங்க. இல்லீங்க! மல்லிகையோடு வந்து சுவருக்கு மேலே நீட்டினார். அம்மாள் விட்டாரா?

“கையில குடுத்தா ஆச்சா? வெச்சி வுடுங்க!”

வைத்தார் ஐயா! விசில் பறந்தது ஐயா! மறுநாள் இடைவேளையில் சுவரின் இருபுறமும் கூட்டம். இந்தப் பக்கம் கொண்டைகள், அந்தப் பக்கம் பூப்பொட்டலங்கள்! வாசலில் பூ தீர்ந்துபோய்க் கோயில் வாசலுக்கு ஓடினார்கள். பெட்டி திரும்பியதா? இல்லை! பாட்டு வெட்டுப்பட்டதா? இல்லை! வெள்ளி தாண்டியது, பொங்கல் தாண்டியது, ஐம்பது நாளும் தாண்டியது!

ஆமாங்க, தட்டுங்க, நல்லாத் தட்டுங்க! சென்னை வரைக்கும் கேட்கட்டும்!

பேனா எழுதியது ஒரு விமர்சனம். நீங்கள் எழுதியது ஒரு விமர்சனம், மல்லிகையால் எழுதியது! எனக்கு உங்களுடையது போதும். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒரு தயாரிப்பாளர் வந்தார். “கதாநாயகனுக்குத் தாயார் வேஷம்மா. மூணு சீன் அழணும்” என்றார்.

“தாயாராகவே வரேன். எனக்கு ஜோடி யாரு?” என்று கேட்டேன்.

திகைத்தார், விழித்தார், எழுந்தார். கதையைத் திருத்தி எழுதப் போயிருக்கிறார்!

அப்படிக் கேட்கும் தைரியத்தை எனக்குத் தந்த அருணை நகரத்து மக்களே, இந்தப் பாட்டியின் நன்றி உங்களுக்கு! சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!