காஸ்பரின் வலது கை

வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று முழங்கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும், சாமி. விரல் சூட்டுக்குப் பழகியது, அதை நம்ப முடியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. கை உடைந்து வருகிறவர்களுக்கு வெந்நீரில் ஊறவைத்து, நீவி, விரலை மெல்ல மடக்கிப் பழக்குகிற வேலை எனக்கு. நன்றாகவே செய்தேன்.

என் மூத்தவன் ராஜநாயகம் சிங்கப்பூர்ச் சண்டையில் செத்தபோது பூசை வைத்தது நீங்கள்தான். அதற்குப் பிறகும் இளையவன் காஸ்பர் பிடிவாதமாகப் பட்டாளத்தில் சேர்ந்தான். பர்மாவுக்குக் கிளம்பும் சமயத்தில் லாரியின் பின்கதவு விழுந்து வலது கை நசுங்கியது. நான் நர்ஸ் என்பதால், கையையும் விரல்களையும் பலகையில் நீட்டிவைத்துக் கட்டி, டாக்டர் அவனைச் சாந்தோமுக்கு, வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

"எலும்பு கூடினதும் பலகையை எடுத்துடுங்கம்மா. தினம் விரலை மடக்கணும். நீட்டியே வெச்சா கணு இறுகிடும்" என்றார். எனக்குத் தெரிந்ததுதான். தலையாட்டினேன்.

எலும்பு கூடியது. பலகையை நான் எடுக்கவில்லை.

கை தேறினால் பர்மா. ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று, இதில் என்ன பாவம் என்று மாதாவிடமே கேட்டேன். தினமும் வெந்நீர் வைப்பேன், நீவுவேன், விரல்களை நீட்டிப் பலகையோடு மறுபடி கட்டுவேன். மடக்கினால் எலும்பு விட்டுப்போகும் என்று அவனிடம் சொல்லிவைத்தேன். கடைசியில் பட்டாளம் அவனைக் கழித்துவிட்டது. அன்று இந்தக் கோயிலில்தான் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

சனிக்கிழமை தவறாமல் உங்கள் முன்னால் மண்டியிட்டேன். கோபப்பட்டதை, புறம் பேசியதைச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. நற்கருணை நாக்கில் படும்போதெல்லாம் உடம்பு கூசியது.

பட்டாளத்துக்கு முன்னால் அவன் மந்தைவெளி அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான். கை சரியானால் வரச் சொன்னார்கள். வேலை கிடைத்ததும், அவனுக்குப் பேசிவைத்திருந்த ஆலிஸைக் கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போவதாகப் பேச்சு.

ஒருநாள் மீன் வாங்கப் போய்த் திரும்பினேன். கூடத்தில் பலகை கீழே கிடந்தது. ஆலிஸ் அவன் கையை வெந்நீரில் வைத்து மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, சுண்டுவிரல் அசையுது பாருங்க" என்றாள்.

அவன் கண் கலங்கியிருந்தது. "மடக்கலாமாம்மா?" என்று என்னைக் கேட்டான்.

"கெடுத்துட்டீங்களே. உள்ளே நரம்பு அறுந்திருக்கும்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

"நல்லாதான் அத்தை அசையுது" என்று ஆலிஸ் விடாமல் வாதாடினாள்.

"அம்மாவுக்குத் தெரியாததையா நீ சொல்லப்போறே? கையை விடு ஆலிஸ்" என்றான் காஸ்பர்.

அவள் பிறகு வரவில்லை. அன்று நான் கட்டிய கட்டு எப்போதையும்விட இறுக்கம்.

இப்போது பலகையே வேண்டாம். விரல்கள் தாமாகவே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பீச்சாங்கையால் சாப்பிட நான் விடுவதில்லை. மூன்று வேளையும் பிசைந்து ஊட்டுகிறேன். சின்ன வயதில் போலவே வாயைத் திறக்கிறான். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, சாமி. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

யுத்தத்துக்குப் பயந்துதான் செய்தேன். நம்புங்கள். ஆலிஸ் அந்தச் சுண்டுவிரலை அசைத்துக் காட்டிய அன்று, யுத்தம் முடிந்ததென்று நீங்கள் மணியடித்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.