ஒரு விரலா, இரண்டு விரலா

ஆட்டு மந்தை குறுக்கே வந்து அரை மணி நேரம் மறித்தும் முகம் சுளிக்காமல் இந்த அவைக்குத் தலைமையேற்க வந்திருக்கும் துணைவேந்தர் ரன்வா அவர்களே. நான் எதைத் தவறாகச் சொல்லப்போகிறேன் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கும் முன்வரிசைச் சான்றோர்களே. நான் முடிப்பதற்குள் கம்பளிச் சட்டையின் ஒரு கையைப் பின்னி முடித்துவிடத் துடிக்கும் தாய்மார்களே. திரும்பும் படகைப் பற்றிய கவலையோடு கதவோரம் நிற்கும் தெற்குத் தீவுச் சொந்தங்களே! மூன்றே மூன்று பேர் வேலை பார்க்கும் நம் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சார்பில், அந்த மூவரில் ஒருத்தியான என்னுடைய, மழையில் நனைந்து இன்னும் ஈரம் காயாத வணக்கம்.

பதிப்பகம் என்பது என்ன? கட்டடமா? நம்முடையது பழைய மீன் கிடங்கின் மாடி. எந்திரமா? அது போன மாதம்தான் பழுது நீங்கியது. பணியாளர்களா? எங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றுகிறதா? (தலையை இவ்வளவு வேகமாக ஆட்ட வேண்டாம், அன்பர்களே.) பதிப்பகம் என்பது சண்டை. முறையான சண்டை, மரியாதையான சண்டை, அடிக்குறிப்போடு அச்சேறும் அழகான சண்டை!

இன்று வெளியாகும் நூல் நம் காற்றுக் கொட்டகைகளைப் பற்றியது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே சந்து விட்டு, அந்தச் சந்தில் கடற்காற்றை நுழையவிட்டு, தொங்கும் ஆட்டுக்கறியை மாதக்கணக்கில் காயவைக்கிறோமே, அதே கொட்டகைகள். காற்றையும் கறியையும் கடலையும் கலந்து கரைத்து இந்நூலை எழுதியவர் பேராசிரியர் ஸ்வைனூர்.

எந்த நூலும் அச்சேறுமுன் இன்னொரு வல்லுநர் அதைப் படித்துக் குறை சொல்ல வேண்டும். அவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. அருமையான விதி. கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு அருமையான விதி. நம் பரோயே தீவுகளிலோ காற்றுக் கொட்டகையை ஆராய்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஸ்வைனூர். மற்றவர் யார்? சொல்ல மாட்டேன். அது ரகசியம். கடைசி வரிசையில் யாரோ ரக்னில்ட் அம்மையார் பக்கம் கையை நீட்டுகிறீர்கள். கையை மடக்குங்கள் ஐயா, விதி விதிதான்.

ரக்னில்ட் அம்மையார் வேறு காரணத்துக்காக இந்தக் கதையில் வருகிறார். அவர் மகள்தான் ஸ்வைனூரின் மருமகள். சம்பந்திகள் இருவரும் ஞாயிறுதோறும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். பலகைச் சந்து இரண்டு விரல் அகலம் என்று ஸ்வைனூர் எழுதியிருந்தார். ஒரு விரல்தான், இதைத் திருத்தாமல் அச்சிடக் கூடாது என்று அந்தப் பெயர் தெரியாதவரின் கருத்துரை வந்தது. வந்த வாரமே அந்த மேசையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

"சம்பந்தியம்மா, உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க. யாரோ பேரு தெரியாத ஒருத்தர் என் புத்தகம் தப்புன்னு எழுதியிருக்காங்க."

"அப்படியா சம்பந்தி? விவரம் தெரிஞ்சவங்களா இருக்கும்."

"என்னத்த விவரம்? கொட்டகைக்குள்ள தலையை விட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க."

"ரெண்டு விரல் சந்து விட்டா ஈ புகுந்து கறியில புழு வச்சிடும்னு எழுதியிருப்பாங்களோ என்னமோ. எனக்கென்ன தெரியும். ஜாம் போடட்டுமா?"

"அந்தப் பேரு தெரியாதவங்களுக்கே போடுங்க."

"அம்மா, மாமா, ரெண்டு பேரும் பேசாம சாப்பிடறீங்களா?" என்றாள் மருமகள்.

அவரும் திருத்தவில்லை, இவரும் விடவில்லை. ஓராண்டு ஓடியது. அந்த ஆண்டு நம் பதிப்பகத்திலிருந்து ஒரு நூல்கூட வரவில்லை. அதை மோப்பம் பிடித்து, நம் தீவுகள் சேர்ந்திருக்கும் டென்மார்க்கிலிருந்து ஒரு குழு வந்து, இதே மன்றத்தில் அமர்ந்தது. அங்குள்ள ஒரு பெரிய பதிப்பகத்தோடு நம்மை இணைத்துவிடலாம், மாடியைப் பூட்டிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். ஸ்வைனூரின் நூலை அவர்களே ஒரு வல்லுநரிடம் காட்டி, ஒரே வாரத்தில் கருத்துரையும் வாங்கி வந்திருந்தார்கள். குழுத் தலைவர் அதை உரக்கப் படித்தார். குறையே இல்லையாம். குறிப்பாக அந்த இரண்டு விரல் சந்து பற்றிய பகுதி அபாரமாம்.

மன்றம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்வைனூர் சரி என்று தலையசைத்தால் போதும்: பெரிய பதிப்பகம், பெரிய பெயர், ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம், சம்பந்தியம்மாவை ஆயுள் முழுக்கச் சீண்டலாம். எந்த மனிதர் இதை விடுவார்? அதிலும் எந்தச் சம்பந்தி இதை விடுவார்? நம் கதவு சாத்தப்போகிறது என்று நான் பயந்தேன், நன்றாகவே பயந்தேன்.

ஸ்வைனூர் எழுந்தார்.

"இதை எழுதினவர் எங்க கொட்டகையைப் பாத்திருக்காரா?"

"அவசியமில்லையே. பெரிய அறிஞர் அவர்," என்றார் தலைவர்.

"ஐயா, அந்த ரெண்டு விரல் தப்பு. ஒரு விரல்தான். நான் அளந்த கொட்டகையில ஒரு பலகையைக் காத்து பிடுங்கிட்டுப் போயிடுச்சு. மிச்சத்தை நகத்தி நகத்தி அடிச்சிருந்தாங்க. ஒரு வருஷமா எனக்கு இது தெரியும். அந்தப் பேரு தெரியாதவங்ககிட்டத் தோக்கக் கூடாதுன்னு வீம்புக்கு வச்சிருந்தேன். உங்க ஆளு என் தப்பையே அபாரம்கிறாரு. அப்ப நான் சரியா எழுதினதை அவரு பாராட்டி எனக்கு என்ன ஆகப்போகுது? புத்தகத்தைக் குடுங்க. நான் எங்க ஊர்லயே திட்டு வாங்கிக்கிறேன்."

அந்த வீம்புக்காரர், ஊர் முழுக்கப் பார்க்க, தாம் தோற்றதைச் சொன்னார். ரக்னில்ட் அம்மையார் பின்னிக்கொண்டிருந்த கம்பளியைக் கீழே வைத்தார்.

"இதை அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா போன கிறிஸ்துமஸுக்கே புத்தகம் வந்திருக்கும், சம்பந்தி," என்றவர், மன்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்படின்னு அந்தப் பேரு தெரியாதவங்க நினைச்சிருப்பாங்க."

குழு தனக்குள் பேசிக்கொண்டது. பூட்டும் திட்டத்தைத் தன்னோடே எடுத்துக்கொண்டு கப்பலேறியது.

அவையோரே, நம்மைப் பாராட்ட உலகெங்கும் ஆள் கிடைக்கும். பார்க்காமலே பாராட்டுவார்கள், படிக்காமலே பாராட்டுவார்கள். ஆனால் நம் தப்பைத் தப்பு என்று சொல்ல யாருக்குத் தெரியும்? நம் காற்றில் நனைந்தவருக்குத் தெரியும். நம் கறியைத் தின்றவருக்குத் தெரியும். நம் கொட்டகைக்குள் தலையை விட்டவருக்குத் தெரியும். அந்தக் கண்களிடம் தேறிய அறிவே நம் அறிவு. அந்தக் கண்களுக்கு ஒரு மேசை போட்டுத் தரும் மாடியே நம் பதிப்பகம்!

தோற்றுக்கொடுத்து எங்களைக் காத்த ஸ்வைனூருக்கும், விட்டுக்கொடுக்காமல் காத்த யாரோ ஒருவருக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நூலை வாங்குங்கள், வரிவரியாகப் படியுங்கள். தப்பு கண்டுபிடித்தவர்கள் மாடிக்கு வாருங்கள், கதவு திறந்திருக்கிறது. வணக்கம்.