துளசி மாடத்தை இடித்த கார்

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு தம்பதி. நான் ஒட்டுக்கேட்கிறவள் அல்ல. அந்தம்மாவின் பேச்சு அப்படி.

"ஏனுங்க, பூசை போட்டுக் காரை எடுத்தா எலுமிச்சம்பழத்தத்தானுங்களே நசுக்கோணும்? நம்ம காரு துளசி மாடத்தையுமல்ல இடிச்சுப்போடுச்சு."

"சக்கரத்தைப் புடிச்சு நிறுத்தற பிரேக் காலிப்பரை நானே கழட்டி, டீசல்ல ஊறவெச்சுத் தேச்சு, ரப்பரு மாத்தி மாட்டியிருக்கறன். பளபளன்னு இருக்குதல்ல?"

"செவப்புப் பெயிண்டு கூட அடிச்சீங்க. அழகாத்தான் போயி இடிச்சுது."

"பிரேக் ஆயில்ல காத்து பூந்திருக்கும், அதான் புடிக்கல, புள்ளே."

"அப்ப நாளைக்கு நம்ம மகளும் பேரனும் அதுலயேதான் ஏற்காட்டு மலை ஏறோணுமா? நாம மட்டும் இன்னைக்குப் பத்திரமா பஸ்ஸுல வாரோம்."

அவர் கைபேசியை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"தம்பி, சாயங்காலம் ஊட்டுக்கு வந்து ஒரு காரைப் பாக்கோணும். எம்பட மச்சினன் காருங்க. அவனே பிரேக்கைக் கழட்டி மாட்டிப்போட்டான், வெவரங்கெட்டவன்."

அந்தம்மா கைபேசிப் பக்கம் வாயைக் கொண்டுபோய், பேருந்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"எங்கண்ணனுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க, தம்பி."